இடது பக்கத்துப் படி

ஸ்டெல்லா கண்ணு,

சனிக்கிழமை காலை நீ எங்களை உன் வீட்டோடு அழைத்துப் போக வருவதற்குள் இதைப் படித்துவிடு. அதனால்தான் தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு, தினமும் போனில் பேசிக்கொண்டு, இந்த மனுஷனுக்கு எதற்குக் கூரியர் என்று நீ சிரிப்பது எனக்கே கேட்கிறது. போனில் சொல்லித்தான் பார்த்தேன். இந்த வாரத்தில் மூன்று தடவை அதற்காகவே கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா, நிம்மி ஸ்கூலுக்குப் போனாளா" என்று உன்னையும் பேத்தியையும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கிளப்பியவளே அவள்தான். லிங்கராஜபுரம் வீட்டைக் காலி செய்வதற்காகப் போன திங்கட்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தாள். உள்ளே அடியில் விரித்திருந்த பழைய பேப்பரைக்கூட மாற்ற வேண்டும் என்று எடுத்தாள். அதற்குக் கீழே ஒரு பழுப்பு நிற ஃபைல் இருந்தது. அதில் உன் போட்டோ ஒட்டிய லைசென்ஸ் விண்ணப்பம், எலும்பு டாக்டர் கொடுத்த சர்டிபிகேட், நான் வரைந்த கை கிளட்ச் படம் எல்லாம் இருந்தன. பதினைந்து வருஷத்துக்கு முன் லைசென்ஸ் ஆபீசில் கொடுத்தேன், ஆபீசர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்று நான் உன்னிடம் சொன்னேனே, அதே ஃபைல். கண்ணு, அது அந்த ஆபீசின் கவுண்டரைத் தொடவே இல்லை. எந்த ஆபீசரும் முடியாது என்று சொல்லவில்லை. நான்தான் கொடுக்காமல் திரும்பி வந்தேன்.

உன் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு மாதிரி சமாளித்திருப்பேன். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கிட்டகூட சொல்லல இல்ல?" என்றாள். அப்புறம் தீர்ப்பு சொன்னாள். "சனிக்கிழமைக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லுங்க. இல்லன்னா கார்ல போறப்ப பின் சீட்ல உக்காந்துக்கிட்டு நான் சொல்லுவேன். எறங்கி ஓடலாம்னு பாக்காதீங்க, உங்க முட்டிக்கு அது ஆவாது." அவள் சொன்னால் செய்கிறவள் என்பது உனக்கும் தெரியும். அதனால் முட்டியை நீட்டிப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொய்யை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அரைக் கடிதம்தான் ஆகும். ஏன் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஃபியட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

உனக்கு இரண்டு வயதில் வந்த போலியோ உன் இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குக் கம்பி வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டு நீ நடந்தாய். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் என் ஸ்கூட்டர் பின்னால்தான். நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு மழை நாளில் ரயில்வே கேட் தண்டவாளத்தில் ஸ்கூட்டர் வழுக்கியது. இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். உன் காலிப்பர் கம்பி வளைந்து போயிருந்தது. நீ அதைப் பார்த்து, "டாடி, இப்பதான் இது என் கால் மாதிரியே இருக்கு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதமே அல்சூரில் ஒரு ரிட்டயர்டு ஆளிடமிருந்து அந்தக் கிரீம் கலர் ஃபியட்டை வாங்கினேன். கிட்டத்தட்ட உன் வயதுதான் அதற்கும். முன்னால் ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் கம்பி. நாலு பேர் தள்ளினால் உடனே கிளம்பும், தள்ளாவிட்டால் யோசிக்கும். "ஓடுறதைவிட நிக்கிறதுல கெட்டிக்கார வண்டி" என்று உன் அம்மா அதற்குச் சான்றிதழ் கொடுத்தாள்.

புது வண்டி வாங்க நம்மால் முடியாது. ஆனால் பழைய வண்டியை உனக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியும் என்று நான் நம்பினேன். நான் ஃபாக்டரியில் டிராஃப்ட்ஸ்மேன். பென்சிலைச் சீவாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. காரை மேலிருந்து பார்ப்பது போல ஒரு பெரிய டிரேசிங் ஷீட்டில் அளவு பிசகாமல் வரைந்து, ஹாலில் இயேசுவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். என்ன மாற்றம் செய்தாலும் முதலில் அதில் சிவப்புப் பென்சிலால் குறிப்பேன். அதற்குப் பிறகுதான் சிவாஜிநகரில் ரஹீம் பாயின் குஜரிக் கடை. பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்கும் அந்தக் கடையில் எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

முதலில் சீட்டு. நீள சீட்டை அறுத்து இரண்டாக்கினோம். நீ உட்காரும் இடது பக்கத்துச் சீட்டுக்குக் கீழே ஆபீஸ் சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தைப் பொருத்த வேண்டும் என்பது என் திட்டம். சீட்டு கதவுப் பக்கம் திரும்பினால் நீ வெளியே நின்ற இடத்திலிருந்தே உட்காரலாம், அப்படியே உள்ளே திரும்பிக்கொள்ளலாம். ரஹீம் பாய் என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப், இது நாற்காலி சாப். கார்ல எப்டி ஒக்காரும்?" என்றார். "ஒக்காரும் பாய், படத்தைப் பாருங்க" என்றேன். "படத்துல எல்லாம் ஒக்காரும் சாப், படத்துக்கு என்னா" என்றார். வெல்டிங் வைத்துக் கொடுத்தார். உட்காரத்தான் செய்தது. ஆனால் முதல் நாள் காக்ஸ் டவுன் திருப்பத்தில் நான் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் சீட்டின் கொக்கி விட்டுப்போய், நீ பாட்டுக்குச் சுழன்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாய். "டாடி, நான் மட்டும் கடைத்தெருவப் பாத்துக்கிட்டே வர்றேன்" என்றாய். பின் சீட்டில் உன் அம்மா சிரித்த சிரிப்பில் நான் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்தோம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் சிரித்தேன்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கை செய்த கொக்கி விட்டுப்போகும் என்பதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

அப்புறம் கைப்பிடி. பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய கம்பியை இடது கதவுத் தூணில் போல்ட் போட்டு முடுக்கினேன். அதற்கப்புறம் படி. என் பழைய டிராயிங் போர்டைப் பாதியாக அறுத்து, இடது கதவுக்குக் கீழே கீல் வைத்துத் தொங்கவிட்டேன். இரண்டாவது நாளே ஒரு ஸ்பீட் பிரேக்கரில் இடித்து உடைந்தது. மீதிப் பாதியில் இன்னொரு படி செய்து, அதில் நைலான் கயிறு கட்டினேன். ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்தால் படி மேலே வந்துவிடும், இறங்கும்போது விட்டால் இறங்கும். "கெணத்துல வாளி எறக்குற மாதிரி இருக்கு" என்றாள் உன் அம்மா. அந்தப் படி இத்தனை வருஷமாக உடையாமல் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

இங்கே ஒரு சின்னத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆட்கள் அந்தக் காரைப் பார்க்கக் கூடுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. "ஸ்டெல்லா, ஒரு தடவ ஏறிக் காட்டும்மா" என்பேன். நீ படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, சீட்டில் உட்கார்ந்து, உள்ளே திரும்புவாய். யாராவது லேட்டாக வந்தால் இன்னொரு தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவைக்கு நீ ஏறவில்லை. "டாடி, நான் எக்ஸிபிஷன் சாமான் இல்ல" என்று என் காதில் மட்டும் விழும்படி சொல்லிவிட்டு, அம்மாவோடு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாய். நான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டேன். இப்போது கேட்கிறேன்.

அந்த வாரம்தான் நீ ஹாலில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாய். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். "டாடி, செவப்புப் பென்சில் எல்லாமே லெஃப்ட்லயே இருக்கு" என்றாய். "ஆமா, நீ உக்கார்ற பக்கம்" என்றேன். "ஸ்டீயரிங் ரைட்லல்ல இருக்கு?" என்றாய். எனக்கு உறைக்கவே இல்லை, கண்ணு. "அது எனக்குத்தானேம்மா" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. நீ வெளியே போனாய். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால் நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். வலது பக்கத்தில் படி கிடையாது, கம்பி கிடையாது, திரும்பும் சீட்டு கிடையாது. பதறிப்போய் ஓடி வந்தேன். "படி இல்லாம எப்படி ஏறின?" என்று கேட்டேன். நீ ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாய்: "படி இல்லாட்டியும் ஏறிடுவேன் டாடி. கொஞ்சம் நேரம் ஆவும், அவ்ளோதான்."

நிம்மி விஷயத்தில் நீ இதை மட்டும் மறக்காதே. பிள்ளைக்கு வசதி செய்து கொடுக்கிறோம் என்று நாம் ஓடி ஓடி உழைப்போம். அது எந்தப் பக்கம் உட்கார ஆசைப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். நான் மூன்று வருஷம் கேட்கவில்லை.

கிளட்ச்சைக் கையில் பிடிக்கும் யோசனை உன்னுடையது. ஊரெல்லாம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதையும் இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உன் வலது கால் நல்ல கால். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். கிளட்ச் ஒன்றுதான் வழியில் நின்றது. நீ உன் சிநேகிதி மும்தாஜின் காரில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பார்த்துவிட்டு வந்தாய். "இழுத்தா நிக்குது, மேல இருக்கிற பட்டன அமுக்கினா மெதுவா எறங்குது. இதையே கிளட்சுக்கு வெச்சா? இழுத்து நிறுத்திட்டு, அதே கையால கியர் போட்டுட்டு, பட்டன அமுக்கி மெதுவா விடலாம்ல?" என்றாய். எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண் மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேனுக்குப் பாடம் எடுத்தாய். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு ஷீட்டு வரைந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல்தான் ஒத்துக்கொண்டேன்.

ரஹீம் பாய் குவியலில் கையை விட்டு ஒரு பழைய ஹேண்ட் பிரேக்கை உருவினார். அதிலிருந்து ஒரு கேபிள் கிளட்ச் மிதியின் தண்டுக்கு. லிவரை இழுத்தால் மிதி தானாக அமுங்கும். லிவரின் அடியில் இருக்கும் பல்சக்கரத்தில் கொக்கி விழுந்து அப்படியே நிற்கும். வீட்டு முன்னால் முதல் தடவை நீ நாலடி தூரம் ஓட்டினாய், எஞ்சின் அணைந்தது. உன் அம்மா கையில் கரண்டியோடு மாடிப்படியில் நின்று கை தட்டினாள், குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவோம். நீ ஓட்டுவாய். நான் இடது பக்கம், நீ உட்காரும் அந்தச் சுழல் சீட்டில், பஸ் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ லிவரை இழுத்தாய், முதல் கியர் போட்டாய். பட்டனை அமுக்குவதற்கு முன்பே லிவர் கட்கட்டென்று தானே கீழே விழுந்தது. வண்டி துள்ளிப் பாய்ந்து கோல் போஸ்டில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பம்பர் மட்டும் நசுங்கியது. உன் முகம் வெளுத்துவிட்டது. "ஸாரி டாடி, நான்தான் சரியா இழுக்கல" என்றாய். "பரவால்ல, அடுத்த தடவ நல்லா இழு" என்றேன். அன்று சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய சாமான், பல்சக்கரத்தில் இரண்டு பல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. தப்பு உன் கையில் இல்லை, என் வேலையில். எனக்குத் தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. நீ அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் நோக இழுத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூர் ரோட்டுக் கம்பெனியிலிருந்து உனக்கு வேலைக்கான லெட்டர் வந்தது. டெஸ்ட் இன்ஜினியர். ஆறு வாரத்தில் சேர வேண்டும். நம் வீட்டிலிருந்து ஊரின் அந்தக் கோடி, கம்பெனி பஸ்ஸும் இந்தப் பக்கம் வராது. இரண்டு பஸ் மாறி அந்தக் கூட்டத்தில் உன்னால் ஏற முடியாது. கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. டாக்டர் சர்டிபிகேட் வாங்கினாய், போட்டோ எடுத்தாய், ஃபைல் போட்டு என் கையில் கொடுத்து, "டாடி, உங்க படத்தையும் வெச்சிருக்கேன். அதப் பாத்தா யாரும் மறுக்க மாட்டாங்க" என்றாய்.

வரிசையில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் ஃபைலைத் திறந்து என் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஃபாக்டரியில் நான் ஒரு படம் வரைந்தால் அதை என் மேலதிகாரி பார்ப்பார், டூல் ரூமில் பார்ப்பார்கள், செய்த பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் அளப்பார்கள். முப்பது வருஷத்தில் நான் வரைந்தது எதுவும் என் ஒருவன் பேச்சைக் கேட்டு வெளியே போனதில்லை. இந்த ஒன்றில்தான் என் கையெழுத்து மட்டும் இருந்தது. ஓசூர் ரோட்டில், இரண்டு லாரிக்கு நடுவில், அந்தக் கொக்கி விட்டால்? ஜன்னலைப் பார்த்து நீ சுழன்று உட்கார்ந்த அந்த நாளை நினைத்தேன். கோல் போஸ்டை நினைத்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வெளியே வந்தேன். எதிரே ஒரு கடையில் டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. "ஆபீசர் ஒத்துக்கலம்மா. கையால மாத்தின வண்டிக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்." நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எழுதிக் குடுத்தாரா டாடி?" "வாயாலதான் சொன்னாரு." நீ தலையை ஆட்டினாய். என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்கு வர இயலாது என்று எழுதி, ஒட்டி, தபாலில் போட என்னிடம் கொடுத்தாய். நான் போட்டேன். திரும்பி வரும்போது உனக்குப் பிடிக்கும் என்று அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கி வந்தேன். நீ இரண்டு துண்டு சாப்பிட்டு, "நல்லாருக்கு டாடி" என்றாய். இத்தனை வருஷத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் அந்த மைசூர்பாக்தான் என்னை அதிகமாகக் குத்துகிறது.

கண்ணு, பல் தேய்ந்தது மட்டும்தான் காரணம் என்றால் மறுநாளே ரஹீம் பாயிடம் போய் மாற்றியிருக்கலாம். நான் போகவில்லை. அதற்கடுத்த இரண்டு வருஷம் நீ பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் டைப்பிங் கடையில் வேலை பார்த்தாய். காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் கூட்டி வருவேன். நீ இடது சீட்டில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துப் படியை மேலே ஏற்றிவிட்டு, அன்றைக்குக் கடையில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே வருவாய். மல்லேஸ்வரத்துக் கடைக்குச் சுற்றிப் போய் காபி குடிப்போம். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே எழுதக் கஷ்டமான வரி. நீ படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களை உன் அம்மா இப்போது சொல்கிறாள். எனக்கு அது அப்போது கண்ணில் படவில்லை, பட விடவில்லை.

அப்புறம் ஒருநாள் நீ மும்தாஜோடு போனாய், யாரிடமும் சொல்லாமல். ஒரு மாதம் கழித்து லைசென்ஸைக் கொண்டுவந்து என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாய். "ஒண்ணுமே இல்ல டாடி. ஓட்டிக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். குனிஞ்சு லிவரப் பாத்துட்டு, இத யாரு செஞ்சதுன்னு கன்னடத்துல கேட்டாரு. எங்கப்பான்னேன். 'பர்வாகில்லா, சென்னாகிதே'ன்னாரு." முடியாது என்று சொல்லிவிட்டதாக நான் பொய் சொன்ன அதே ஆபீசில் ஒருவர் என் வேலையை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "அந்தப் பழைய ஆபீசர் மாறிப் போயிட்டாரு போல" என்றாய். "இருக்கும்" என்றேன். அதோடு விட்டாயா? "அப்புறம் டாடி, அந்த லிவர்ல பல்லு தேஞ்சிருந்துச்சு. போறதுக்கு முன்னாடி ரஹீம் பாய் மாத்திக் குடுத்தாரு. பத்து நிமிஷ வேல" என்றாய். பத்து நிமிஷ வேலைக்கு உன் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். நீ வேறொரு இடத்தில் எல்லோருக்கும் ஜூனியராகச் சேர்ந்து, உன்னைவிடச் சின்னவர்களுக்குக் கீழே வேலை பார்த்து மேலே வந்தாய். உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில் நீ மாப்பிள்ளையை இடது பக்கம் உட்காரவைத்து அந்த ஃபியட்டை நீயே ஓட்டிக்கொண்டு போனபோது எல்லோரும் கை தட்டினார்கள். என் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். நான் நன்றி என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்பாவின் கடிதம் என்றால் கடைசியில் புத்திமதி இருக்க வேண்டும். நிம்மி இப்போது மெயின் ரோட்டில் சைக்கிள் விட வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள் என்றாய். விடலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்வதானால், "எனக்குப் பயமா இருக்கு, அதனால வேண்டாம்" என்று சொல். டீச்சர் திட்டுவார், போலீஸ் பிடிக்கும் என்று இல்லாத ஆள் தலையில் போடாதே. பயம் என்று சொன்னால் பிள்ளை நம்மோடு சண்டை போடும், ஒருநாள் ஜெயிக்கும். ஆபீசர் என்று சொன்னால் யாரோடு சண்டை போடும்? உன்னைச் சண்டைகூடப் போட விடாமல் செய்தேன் பார், அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். ஃபைலை இதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். போட்டோவில் நீ அழகாக இருக்கிறாய்.

நீ உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. உன் அம்மாவே என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, தட்டில் சோறு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக விழுகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. உன் வீட்டுக்கு வந்து உன்னோடு இருக்கப் போகிறவன், உனக்குத் தெரியாத ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. அதுதான் விஷயம். வர வேண்டாம் என்று நீ சொன்னாலும் அது நியாயம்தான். சாமான்களைத் திரும்பப் பிரித்து அடுக்கிக்கொள்வோம்.

போன வாரம் நீ போனில், "டாடி, மாருதி வேணாம், உங்க முட்டிக்கு மடங்கி ஏற முடியாது. ஃபியட்டையே எடுத்துட்டு வர்றேன். அதுலதான் லெஃப்ட் சீட்டு திரும்பும், கம்பி இருக்கு, படி இருக்கு" என்றாய். அப்போது இந்த ஃபைல் இன்னும் பெட்டியின் அடியில்தான் இருந்தது. உனக்கென்று நான் செய்த எல்லாம் கடைசியில் எனக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். இதைப் படித்த பிறகும் நீ வந்தால், கயிற்றை விட்டு அந்தப் படியை இறக்கு. நீ எதுவும் சொல்ல வேண்டாம், ஏறிக்கொள்கிறேன். இறக்க மனம் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, கண்ணு. படி இல்லாவிட்டாலும் ஏறிவிடுவேன். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

உன் டாடி